சி லைப்ரரியில் தானாக நடக்கும் க்ளீனப்: முதலில் மூடும் ஃபங்ஷனைச் சரிசெய்யுங்கள்

பெருந்துறை சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. மின் மீட்டர்களை மோட்பஸ் (தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் முறை) வழியாகப் படிக்க அவர் சி-யில் ஒரு லைப்ரரி எழுதியிருக்கிறார். அதைப் பயன்படுத்தும் மூன்று டீம்களும் மீட்டரைத் திறக்கிறார்கள், ஆனால் எர்ரர் வரும் இடங்களில் மூட மறந்துவிடுகிறார்கள். ஜிசிசி கம்பைலரின் க்ளீனப் அட்ரிபியூட்டை ஹெடரில் வைத்துவிட்டால், வேரியபிளின் ஸ்கோப் (அது உயிரோடு இருக்கும் பகுதி) முடியும்போது மீட்டர் தானாக மூடிக்கொள்ளுமே, செய்யலாமா என்கிறார். அது ஸ்டாண்டர்ட் சி இல்லை, வேண்டாம் என்று அவருடைய சீனியர் தடுக்கிறாராம்.

செய்யலாம் தம்பி, தாராளமாகச் செய்யலாம். சீனியர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதற்கான வழியைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அந்த அட்ரிபியூட் என்பது ஹெடரில் ஒரு வரிதான். அந்த வரி கூப்பிடப் போகிற மூடும் ஃபங்ஷன், எந்த நிலையில் கூப்பிட்டாலும் தாங்குகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

சில வருஷங்களுக்கு முன் பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கு ஒரு ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தேன். ரிங் ஃப்ரேம் ஒவ்வொன்றும் ஷிஃப்டுக்கு எத்தனை யூனிட் கரண்ட் இழுக்கிறது என்று பதிவு செய்ய வேண்டும். ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி, லிப்மோட்பஸ் லைப்ரரி, எஸ்க்யூலைட் டேட்டாபேஸ், அவ்வளவுதான். ஓட ஆரம்பித்து 25 நாள் போல இருக்கும், சூப்பர்வைசர் கூப்பிட்டார். "ஏனுங்க, உங்க பொட்டி நின்னு போச்சுங்க. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா ஓடுதுங்க." சரி, ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதமும் அதே ஃபோன். "மறுக்கா நின்னு போச்சுங்க."

மூன்றாவது தடவை, ஆஃப் பண்ண வேண்டாம், அப்படியே விடுங்கள் என்று சொல்லிவிட்டு நேரில் போனேன். அந்த ப்ராசஸ் திறந்து வைத்திருக்கும் ஃபைல் டிஸ்க்ரிப்டர்களை (திறந்த ஃபைல், நெட்வொர்க் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் லினக்ஸ் தரும் எண்) பட்டியல் போட்டால், சாக்கெட், சாக்கெட், சாக்கெட் என்று திரை முழுக்க ஓடியது. எண்ணினால் 1024. லினக்ஸில் ஒரு ப்ராசஸுக்கு வழக்கமாகக் கிடைக்கும் வரம்பு அது. அதைத் தொட்ட பிறகு சாக்கெட்டும் திறக்காது, ஃபைலும் திறக்காது. மில்லில் ஈபி கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் நேரத்தில் மீட்டர்களுக்கு முன்னால் இருக்கும் கேட்வே சில நொடி பதில் சொல்லாது. அந்தச் சில நொடியில் படிக்கப் போன மீட்டர் எல்லாம் தோற்கும். நாளுக்குச் சுமார் 40 தோல்வி, ஒவ்வொன்றுக்கும் மூடாமல் விட்ட ஒரு சாக்கெட். 25 நாளில் கணக்கு முடிந்துவிடுகிறது.

தப்பு என்னுடையதுதான். லிப்மோட்பஸில் இரண்டு தனித்தனி ஃபங்ஷன்கள். மோட்பஸ்_க்ளோஸ் இணைப்பை மூடும், மோட்பஸ்_ஃப்ரீ மெமரியை விடுவிக்கும். நல்லபடியாக முடியும் வழியில் இரண்டையும் எழுதியிருந்தேன். எர்ரர் வழியில், ஃப்ரீ செய்தால் இணைப்பும் போய்விடும் என்ற நினைப்பில் ஃப்ரீயை மட்டும் எழுதியிருந்தேன். விடுவிக்காமல் விட்ட மெமரியைத் தேடும் வால்க்ரைண்ட் கருவியில் ஓட்டியபோது ஒரு பைட்கூட லீக் இல்லை என்று வந்தது. மெமரி உண்மையிலேயே லீக் ஆகவில்லை. டிஸ்க்ரிப்டரையும் பார் என்று ட்ராக்-எஃப்டிஎஸ் ஆப்ஷனைத் தனியாகக் கொடுத்தால்தான் வால்க்ரைண்ட் அதைச் சொல்லும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு நான் க்ளீனப் அட்ரிபியூட்டைப் பயன்படுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அதிலும் மோட்பஸ்_ஃப்ரீயைத்தான் கொடுத்திருப்பேன். அதே சாக்கெட் தானாக லீக் ஆகியிருக்கும். அதுவும் நல்ல வழி, எர்ரர் வழி இரண்டிலும்.

அதனால் உங்கள் லைப்ரரியில் முதல் வேலை, ஒரு திறப்புக்கு ஒரே ஒரு மூடல் என்று ஆக்குவது. மீட்டர்_ஓப்பன் என்றால் மீட்டர்_க்ளோஸ். உள்ளே சாக்கெட், பஃபர், பூட்டு (லாக்), பதிவு ஃபைல் என்று எத்தனை இருந்தாலும் அந்த ஒன்றே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் லைப்ரரி மேலாக் (malloc) வைத்து எடுத்த மெமரி எதையும், நீங்களே ஃப்ரீ செய்துகொள்ளுங்கள் என்று பயனரிடம் விடாதீர்கள். விண்டோஸில் ஒரு டிஎல்எல் ஒரு சி ரன்டைமோடும் அதை அழைக்கும் ப்ரோக்ராம் இன்னொன்றோடும் இணைந்திருக்கலாம். இங்கே எடுத்ததை அங்கே ஃப்ரீ செய்தால் ஹீப் கெட்டுப்போகும். எஸ்க்யூலைட் கொடுக்கும் எர்ரர் மெசேஜை எஸ்க்யூலைட்டின் சொந்த ஃப்ரீயால்தான் விடுவிக்க வேண்டும் என்று அவர்கள் வைத்திருப்பதைப் பாருங்கள்.

இரண்டாவது, மூடும் ஃபங்ஷன் நல் பாயிண்டரை (எதையும் காட்டாத NULL) பேசாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். சி-யின் ஃப்ரீயே அப்படித்தான், நல் கொடுத்தால் ஒன்றும் செய்யாது. எஸ்க்யூலைட்டின் க்ளோஸும் ஃபைனலைஸும் அப்படியே. தானாக நடக்கும் க்ளீனப்பில் இது மிக முக்கியம், ஏனென்றால் திறப்பதற்கு முன்பே எங்காவது ரிட்டர்ன் ஆகிவிட்டாலும் க்ளீனப் ஓடத்தான் செய்யும்.

மூன்றாவது, பாதி திறந்த பொருளையும் அது மூடத் தெரிந்திருக்க வேண்டும். பஃபர் கிடைத்துவிட்டது, சாக்கெட் இணையவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மீட்டர்_ஓப்பன் தன் எர்ரர் வழியில் அதே மீட்டர்_க்ளோஸையே கூப்பிட முடிய வேண்டும். அதற்கு எளிய வழி, ஸ்ட்ரக்சரை எடுத்த கையோடு எல்லா உறுப்புகளையும் "இன்னும் எடுக்கவில்லை" என்ற மதிப்பில் வைப்பது. பாயிண்டருக்கு அது நல். ஃபைல் டிஸ்க்ரிப்டருக்கு மைனஸ் ஒன்று, பூஜ்ஜியம் கிடையாது. கேலாக் (calloc) எல்லாவற்றையும் பூஜ்ஜியமாகத் தருகிறதே என்று அப்படியே விட்டால், திறக்காத மீட்டரை மூடும்போது டிஸ்க்ரிப்டர் 0, அதாவது ப்ரோக்ராமின் ஸ்டாண்டர்ட் இன்புட், மூடிவிடும். அப்புறம் அடுத்து திறக்கும் ஃபைலுக்கு அந்த 0 போய்ச் சேரும். அந்தக் கோளாறைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும்.

நான்காவது, எர்ர்நோ, அதாவது கடைசியாக வந்த எர்ரரின் எண்ணை சி வைத்திருக்கும் இடம். உங்கள் பயனர் டைம்அவுட் என்ற எர்ரரோடு ரிட்டர்ன் ஆகும் வழியில் க்ளீனப் ஓடுகிறது. அதன் உள்ளே ஏதாவது ஒரு அழைப்பு எர்ர்நோவை மாற்றிவிட்டால், மேலே இருப்பவருக்கு வேறு காரணம் போய்ச் சேரும். மூடும் ஃபங்ஷனின் தொடக்கத்தில் எர்ர்நோவை எடுத்து வைத்து, கடைசியில் திருப்பி வைத்துவிடுங்கள். க்னூ சி லைப்ரரியின் 2.33 முதல் ஃப்ரீ எர்ர்நோவைத் தொடாது. ஆனால் சாக்கெட்டை மூடும் அழைப்புக்கு அந்த உறுதி கிடையாது.

இவ்வளவும் சரியாக இருந்தால், அட்ரிபியூட்டை வைப்பது சுலபம். அது வேலை செய்யும் விதத்தில் ஒரு விஷயம் புதிதாகச் செய்பவர்களைக் குழப்பும். க்ளீனப் ஃபங்ஷனுக்குக் கம்பைலர் கொடுப்பது வேரியபிளின் மதிப்பை அல்ல, அதன் முகவரியை. உங்கள் வேரியபிள் மீட்டருக்கான பாயிண்டர் என்றால், க்ளீனப் ஃபங்ஷனுக்கு வருவது பாயிண்டருக்கான பாயிண்டர். அதனால் மீட்டர்_க்ளோஸை நேராகக் கொடுக்க முடியாது. முகவரியை வாங்கி, உள்ளே இருக்கும் மீட்டரை எடுத்து, க்ளோஸைக் கூப்பிடும் சின்ன ஸ்டாடிக் இன்லைன் ஃபங்ஷன் ஒன்று வேண்டும். அதையும் ஹெடரிலேயே நீங்கள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மூன்று டீமும் மூன்று விதமாக எழுத விடக்கூடாது.

ஸ்கோப்பை விட்டு ரிட்டர்ன், ப்ரேக், கோட்டூ எந்த வழியில் வெளியேறினாலும் க்ளீனப் ஓடும். லாங்ஜம்ப் செய்தாலோ எக்ஸிட் கூப்பிட்டாலோ ஓடாது. ரிட்டர்ன் செய்யும் மதிப்பு முதலில் கணக்கிடப்படும், அதன் பிறகுதான் க்ளீனப். அதனால் மீட்டரின் உள்ளே இருக்கும் ரீடிங் எண்ணை ரிட்டர்ன் செய்தால் பிரச்சினை இல்லை. மீட்டரின் உள்ளே இருக்கும் பெயருக்கான பாயிண்டரை ரிட்டர்ன் செய்தால், வாங்குபவர் கையில் இருப்பது ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட இடம்.

ஒன்றுக்கு மேல் இருந்தால், கடைசியாக அறிவித்தது முதலில் மூடப்படும். இந்த வரிசை எவ்வளவு முக்கியம் என்பதை எஸ்க்யூலைட்டில் காட்டுகிறேன். அதில் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் ஒன்று, அதன் மேல் தயாரித்த ஸ்டேட்மெண்ட் ஒன்று. ஸ்டேட்மெண்டை ஃபைனலைஸ் செய்யாமல் கனெக்‌ஷனைச் சாதாரண க்ளோஸால் மூடினால், அது பிஸி என்ற எர்ரரைத் திருப்பிவிட்டு, மூடாமலே நிற்கும். கையால் எழுதும்போது அந்த எர்ரரைப் பார்க்க வாய்ப்பு உண்டு. தானாக ஓடும் க்ளீனப்பில் அந்த ரிட்டர்ன் மதிப்பை வாங்க ஆளே இல்லை. ஃபங்ஷனின் தலையில் எல்லா வேரியபிளையும் நல் என்று வரிசையாக அறிவித்து வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த வரிசையில் ஸ்டேட்மெண்டை முதலிலும் கனெக்‌ஷனை அடுத்தும் எழுதிவிட்டால், முதலில் கனெக்‌ஷனை மூடப் பார்க்கும், பிஸி என்று வரும், அதற்குப் பிறகுதான் ஸ்டேட்மெண்ட் போகும். கனெக்‌ஷன் லீக். கம்பைலர் ஒரு வார்னிங்கும் தராது. லினக்ஸ் கெர்னலில் க்ளீனப்புக்கான ஹெடர் 2023-இல் 6.5-வது பதிப்பில் சேர்ந்தது. அதன் ஆவணத்தில் இதையே சொல்லியிருக்கிறார்கள்: மேலே நல் என்று அறிவித்துவிட்டு கீழே மதிப்புக் கொடுக்காதீர்கள், எடுக்கும் இடத்திலேயே அறிவித்து அதே வரியில் மதிப்பையும் கொடுங்கள். அப்படி எழுதினால் எடுத்த வரிசையும் அறிவித்த வரிசையும் ஒன்றாகிவிடும், மூடும் வரிசை தானாகச் சரியாகும்.

எஸ்க்யூலைட்டில் இன்னொன்றும் கவனியுங்கள். ஓப்பன் தோற்றாலும் அது ஒரு ஹேண்டிலைத் தரும், அதை க்ளோஸ் செய்தாக வேண்டும். எர்ரர் மெசேஜை அந்த ஹேண்டிலிடம்தான் கேட்க வேண்டும் என்பதால் அப்படி. ஓப்பன் தோற்றால் கையில் ஒன்றும் இல்லை என்று நினைத்து ரிட்டர்ன் செய்பவர்கள் நிறையப் பேர். தானாக நடக்கும் க்ளீனப் உண்மையாகவே காப்பாற்றுவது இந்த மாதிரி இடத்தில்தான். தோற்றாலும் ஹேண்டில் தருவதா, நல் தருவதா என்று உங்கள் லைப்ரரியில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆவணத்தில் தெளிவாக எழுதுங்கள். என்னைக் கேட்டால், தோற்றால் நல், எர்ரர் காரணம் தனியாக, அதுவே பயனருக்கு எளிது.

அடுத்தது, மூடக்கூடாத நேரம். ஒரு ஃபங்ஷன் மீட்டரைத் திறந்து, சோதித்து, எல்லாம் சரி என்றால் அதை அழைத்தவருக்குக் கொடுக்க வேண்டும். சோதனையில் தோற்றால் மூட வேண்டும், வெற்றி என்றால் மூடாமல் கொடுக்க வேண்டும். நம் பக்கம் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலில் முறைத் தண்ணீர் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் முறை முடிந்ததும் அடுத்த தோட்டத்துக்காரர் மடைக்கு வந்து நிற்பார். அவர் கையில் ஒப்படைத்துவிட்டால் மடையைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஒப்படைத்த பிறகும் நீங்கள் போய் அடைத்தால் அவர் பயிர் காயும். சி-யில் ஒப்படைப்பது என்பது, பாயிண்டரின் மதிப்பை எடுத்துக்கொண்டு, அதே மூச்சில் நம் வேரியபிளை நல் ஆக்குவது. அப்புறம் க்ளீனப் ஓடினாலும் நல்லைப் பார்த்துச் சும்மா போய்விடும். ஜிலிப் லைப்ரரியில் இதற்கு ஜி_ஸ்டீல்_பாயிண்டர், சிஸ்டம்டி-யில் டேக்_பிடிஆர், கெர்னலில் நோ_ஃப்ரீ_பிடிஆர். மூன்று பெரிய ப்ராஜெக்டும் தனித்தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்றால், இது இல்லாமல் மற்றது நடக்காது என்று புரியும். உங்கள் ஹெடரிலும் மீட்டர்_டேக் என்று ஒன்று கட்டாயம் இருக்கட்டும். இது இல்லாவிட்டால் பயனர்கள் வேறு ஒரு வேரியபிளில் காப்பி எடுத்து ரிட்டர்ன் செய்வார்கள். க்ளீனப் அதை மூடிவிடும். செத்த மீட்டர்தான் மேலே போகும்.

ஒவ்வொரு ஃபங்ஷனும் வாங்கும் பாயிண்டரை வைத்துக்கொள்கிறதா, பார்த்துவிட்டுத் திருப்புகிறதா என்பதையும் ஹெடரில் ஒரு வரி எழுதுங்கள். மீட்டர்_சேர் என்ற ஃபங்ஷன் மீட்டரை ஒரு குழுவில் சேர்க்கிறது என்றால், அதற்குப் பிறகு அதை மூடுவது குழுவா, பயனரா? இது எழுதப்படாத லைப்ரரியில் க்ளீனப் அட்ரிபியூட் சேர்த்தால், லீக் இருந்த இடத்தில் டபுள் ஃப்ரீ (ஒன்றையே இரண்டு தடவை விடுவிப்பது) வரும். லீக்காவது 25 நாள் ஓடிவிட்டு நிற்கும். டபுள் ஃப்ரீ டேட்டாவைக் கெடுக்கும்.

எழுதும் ஃபைல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எஃப்க்ளோஸ் தோற்க முடியும். பஃபரில் தேங்கியிருந்ததை டிஸ்கில் எழுதும்போது இடம் இல்லை என்றால், அது தெரியவருவது பல நேரம் எஃப்க்ளோஸின் ரிட்டர்ன் மதிப்பில்தான். அதைத் தானாக ஓடும் க்ளீனப்பிடம் விட்டால், ஷிஃப்ட் ரிப்போர்ட் பாதியில் அறுந்து கிடக்கும், ப்ரோக்ராம் வெற்றி என்று சொல்லும். நான் கடைப்பிடிக்கும் முறை இது: எர்ரர் வழிகளுக்குத் தானியங்கி க்ளீனப், நல்ல வழியில் கையால் மூடி ரிட்டர்ன் மதிப்பைப் பார்ப்பது, மூடியதும் வேரியபிளை நல் ஆக்குவது. உங்கள் லைப்ரரியில் மீட்டருக்கு எதையாவது எழுதி அனுப்பும் வசதி இருந்தால், மீட்டர்_ஃப்ளஷ் என்று தோற்கக்கூடிய ஒன்றைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். மீட்டர்_க்ளோஸ் எதையும் ரிட்டர்ன் செய்யாத ஃபங்ஷனாக இருக்கட்டும். தோற்க முடியாத ஃபங்ஷனைத்தான் நிம்மதியாகத் தானியங்கியிடம் ஒப்படைக்க முடியும்.

லூப்பில் ஒரு பொறி உண்டு. லூப்பின் உடலுக்குள் அறிவித்த வேரியபிள் ஒவ்வொரு சுற்றிலும் க்ளீனப் ஆகும், அது சரி. லூப்புக்கு வெளியே அறிவித்து, உள்ளே ஒவ்வொரு சுற்றிலும் புது மீட்டரைப் போட்டால், பழையது யார் கையிலும் இல்லாமல் போகும். மதிப்பு மாறும்போது க்ளீனப் ஓடாது, ஸ்கோப் முடியும்போதுதான் ஓடும். அதேபோல, எர்ரர் வந்தால் கோட்டூ வைத்துக் கடைசிக்குப் போய்க் கையால் மூடும் பழைய ஃபங்ஷனில் பாதியை மட்டும் அட்ரிபியூட்டுக்கு மாற்றாதீர்கள். கோட்டூ ஒரு அறிவிப்பைத் தாண்டி அதே ஸ்கோப்புக்குள் குதித்தால், மதிப்பே கொடுக்காத வேரியபிளுக்கு க்ளீனப் ஓடும். க்ளாங் என்ற இன்னொரு கம்பைலர் இதை எர்ரர் என்று தடுத்துவிடும், ஜிசிசி-யை அந்த அளவுக்கு நம்ப வேண்டாம். ஒரு ஃபங்ஷனை மாற்றினால் முழுதாக மாற்றுங்கள்.

சரி, உங்கள் சீனியரின் கவலைக்கு வருகிறேன். க்ளீனப் அட்ரிபியூட் ஜிசிசி-யிலும் க்ளாங்கிலும் இருபது வருஷ அளவுக்குப் பழகிய விஷயம். ஆனால் மைக்ரோசாஃப்டின் சி கம்பைலரில் கிடையாது. ஜிலிப் 2015-இல் 2.44 பதிப்பில் ஜி_ஆட்டோபிடிஆர் கொண்டுவந்தபோது எடுத்த வழி எனக்குப் பிடிக்கும். லைப்ரரி எழுதுபவர் தன் ஹெடரில் ஒரு மேக்ரோவால், இந்த வகைக்கு இந்த ஃப்ரீ என்று அறிவிக்கிறார். அட்ரிபியூட் தெரிந்த கம்பைலரில் அது விரிந்து தேவையான இன்லைன் ஃபங்ஷன்களைத் தரும், தெரியாத கம்பைலரில் காற்றாகிவிடும். பழைய ஃபங்ஷன்கள் எதுவும் மாறுவதில்லை. வேண்டும் என்பவர் ஆட்டோ என்று எழுதுகிறார், வேண்டாம் என்பவர் கையால் மூடுகிறார். உங்கள் ஹெடரிலும் இதையே செய்யுங்கள். லைப்ரரியின் உள்ளே விண்டோஸிலும் கம்பைல் ஆக வேண்டிய ப்ரோக்ராம் பகுதி இருந்தால், அங்கே மட்டும் கோட்டூவே இருக்கட்டும். சீனியரிடம் இப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

ஸ்கோப் முடியும்போது இதைச் செய் என்று சொல்லிவைக்கும் டிஃபர் என்று ஒன்று சி மொழிக்கே வருகிறது. சி23-இல் அது சேரவில்லை, தனி டெக்னிக்கல் ஸ்பெசிஃபிகேஷனாகப் போகிறது. வந்தாலும் அது கூப்பிடப் போவது நீங்கள் எழுதிய அதே மீட்டர்_க்ளோஸைத்தான். சி++ பயனர் யுனீக் பாயிண்டரில் வைத்தாலும், பைத்தானிலிருந்து யாராவது இணைத்தாலும் அதே ஃபங்ஷன்தான். அதற்குக் கொடுக்கும் உழைப்பு வீண் போகாது.

வெளியிடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஷெல்லில் யூலிமிட்டை வைத்து, திறந்த ஃபைல்களின் வரம்பை 32-க்குக் குறையுங்கள். மீட்டர் கேட்வேயின் நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிடுங்கள், டைம்அவுட்டை 100 மில்லிசெகண்ட் ஆக்குங்கள். திறந்து, படித்து, தோற்று, ரிட்டர்ன் ஆகும் ஃபங்ஷனை ஆயிரம் சுற்று ஓட்டுங்கள். பிறகு வயரைச் செருகி, கேட்வேயின் சுவிட்சை மட்டும் நடுநடுவே அணைத்துப் போட்டு இன்னொரு ஆயிரம். எனக்கு மில்லில் 25 நாள் கழித்துத் தெரிந்தது உங்களுக்கு மேசையிலேயே சில நிமிஷத்தில் தெரிந்துவிடும். இரண்டும் நிற்காமல் ஓடி முடிந்தால், அந்த ஹெடரை மூன்று டீமுக்கும் அனுப்பிவிடுங்கள்.